பாதாம் மாவு இருக்கட்டும், முதலில் மாத்திரைச் சீட்டை எடுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். கீட்டோ உணவுமுறையில் சர்க்கரையும் எடையும் குறையும் என்று கேள்விப்பட்டு ஐந்து வாரமாகக் கடைப்பிடிக்கிறேன். தொடங்கும்போது 81 கிலோ இருந்தேன். முதல் பத்து நாளில் மூன்று கிலோ இறங்கியது. அதற்குப் பிறகு எடை மெஷின் முள் அசையவே இல்லை. தலைவலியும் அசதியும் விடாமல் இருக்கின்றன. பாதாம் மாவு, சீஸ், வெண்ணெய், கீட்டோ பிஸ்கட் என்று வாங்கி வாங்கி, மளிகைச் செலவில் பாதி எனக்கே போகிறது. கணவருக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. பிள்ளைகளுக்குப் பழம் வாங்குவதைக் குறைத்துவிட்டு நான் பாதாம் சாப்பிடுகிறேனே என்று மனசு குத்துகிறது. தினமும் இரண்டு சமையல் வேறு. கீட்டோ என்பது வசதியானவர்களுக்கு மட்டும்தானா? காலையில் கிளைமிபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும் போட்டுக்கொள்கிறேன், பிரஷருக்கு ஒரு மாத்திரையும் உண்டு.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதற்கு நல்ல பதில் இருக்கிறது. கீட்டோ என்பது மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை உடம்பின் எரிபொருளாக்கும் உணவுமுறை. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட வசதி வேண்டியதில்லை. நீங்கள் இப்போது செலவழிப்பதில் பெரும்பகுதி இந்த உணவுமுறைக்குத் தேவையே இல்லாதது. அதை விரிவாகச் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரைப் பெயர்கள், அவற்றைப் பற்றிப் பேசாமல் நான் ஒரு முட்டையைக்கூட உங்கள் தட்டில் வைக்க மாட்டேன்.

கிளைமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றையும் ரொட்டியையும் மனத்தில் வைத்துத்தான் டாக்டர் அதன் அளவைத் தீர்மானித்திருப்பார். சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் அதே அளவில் தொடர்ந்தால், சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், பேச்சு குழறும். உங்கள் அசதியில் இதற்கு எவ்வளவு பங்கு என்பது குளுக்கோமீட்டரில் பார்த்தால்தான் தெரியும். அப்படி இறங்கினால் 15 கிராம் சர்க்கரையை, அதாவது மூன்று நான்கு டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் 'கீட்டோ கெட்டுவிடுமே' என்று தயங்கவே கூடாது.

டாபாகிளிஃப்ளோசின் எனக்கு இன்னும் அதிகக் கவலை தருகிறது. அது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை. மாவுச்சத்தும் இல்லை, இருக்கும் சர்க்கரையும் சிறுநீரில் போகிறது என்றால் உடலில் இன்சுலின் மிகவும் தாழ்ந்துவிடும், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருட்கள் கட்டுக்கடங்காமல் ஏறலாம். கீட்டோவில் சாதாரணமாக இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். அது தறிகெட்டு ஏறி இரத்தம் அமிலமாகும் நிலைக்குக் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். அது உயிருக்கு ஆபத்து. வழக்கமாக அந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை கிட்டத்தட்ட இயல்பாக இருக்கும்போதே அது வந்துவிடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அதனால் மீட்டரில் 140 காட்டுகிறது, நான் நன்றாக இருக்கிறேன் என்று நம்பி இருந்துவிட முடியாது.

ஆகவே நாளையே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். 'ஐந்து வாரமாகச் சோறு, ரொட்டி எல்லாம் நிறுத்திவிட்டேன், இந்த மூன்று மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கிறேன், தலைவலியும் அசதியும் இருக்கின்றன' என்று இதே வார்த்தைகளில் சொன்னால் போதும், அவருக்குப் புரிந்துவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அவரைப் பார்க்கும்வரை உணவைத்தான் மாற்ற வேண்டும்: மூன்று வேளையும் கொஞ்சம் சோறோ ரொட்டியோ திரும்பவும் சேர்த்துக்கொள்ளுங்கள், வேளை தவறாமல் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், தாங்க முடியாத சோர்வு இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி, இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் சர்க்கரை எவ்வளவு காட்டினாலும் சரி.

பிரஷர் மாத்திரைக்கும் இதில் தொடர்பு உண்டு. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் தாழும். இன்சுலின் தாழ்ந்தால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியே விடும். டாபாகிளிஃப்ளோசினும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்து உங்கள் உடம்பை வற்ற வைத்திருக்கலாம். தலைவலிக்கு அது ஒரு முக்கியமான காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுகிறதா என்று கவனியுங்கள். இருட்டினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பிரஷர் மாத்திரையின் அளவையும் அவர் பார்ப்பார். கீட்டோ தொடங்கியதும் வரும் தலைவலிக்கும் அசதிக்கும் 'கீட்டோ ஃப்ளூ' என்று பெயர் சொல்லி விற்கும் உப்புச்சத்துப் பொடிகள் வேண்டாம். கோழி எலும்பைப் போட்டுக் கொதிக்க வைத்த ஒரு கப் சூப்பும் அதில் ஒரு சிட்டிகை உப்பும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் பிரஷர் இருக்கிற உங்களுக்கு அந்த உப்பையும் டாக்டர் சரி என்ற பிறகே சொல்வேன்.

கீட்டோ உணவுமுறையின் வரலாற்றையும் சுருக்கமாக சொல்லிவிடுகிறேன். கீட்டோஜெனிக் என்ற பெயரை 1921-ல் வைத்தவர் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர். எடைக் குறைப்புக்காக அவர் இதை யோசிக்கவில்லை, வலிப்பு நோய்க்காக யோசித்தார். இன்றும் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு, ஒவ்வொரு கிராமையும் எடைபோட்டு, மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் இதைக் கொடுக்கிறார்கள். உடம்பின் எரிபொருளையே மாற்றுகிற இவ்வளவு வலுவான ஒன்றை, மாத்திரை போடுகிறவர்கள் தனியாகத் தொடங்கக் கூடாது. உங்களைக் குறை சொல்லவில்லை, சகோதரி. இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது, அசையாமல் நிற்கும் முள். முதல் பத்து நாளில் போன மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சுமார் 500 கிராம் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். அதன்பின் கொழுப்புதான் கரைய வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கும். அதுவும், சாப்பிடும் மொத்தக் கலோரி செலவாவதைவிடக் குறைவாக இருந்தால்தான் நடக்கும். பாதாம் மாவு 100 கிராமில் ஏறக்குறைய 600 கலோரி. சீஸ் 100 கிராமில் 400. வெண்ணெய் 100 கிராமில் 700-க்கும் மேல். மாவுச்சத்து இல்லையே என்று இவற்றை அள்ளிச் சாப்பிட்டால், உடம்பு தன் சேமிப்பில் ஏன் கை வைக்கப் போகிறது? கொழுப்பு நிறையச் சாப்பிட்டால்தான் கொழுப்பு கரையும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. எடை குறைய வேண்டியவர்களுக்கு அது பொருந்தாது. உங்கள் உடம்பிலேயே கொழுப்பு இருக்கிறது. வெளியிலிருந்து வர வேண்டியது, சமையலுக்கும் பசி அடங்கவும் தேவையான அளவு மட்டுமே. உங்கள் பணமும் உங்கள் எடையும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கின்றன என்பது இப்போது தெரிந்திருக்கும்.

அந்த இடம், விட்டுவிட்ட உணவின் நகல்கள். ரொட்டியை விட்டோம், அதனால் பாதாம் மாவு ரொட்டி. பிஸ்கட்டை விட்டோம், அதனால் கீட்டோ பிஸ்கட். இனிப்பை விட்டோம், அதனால் சர்க்கரை இல்லாத சாக்லேட். கீட்டோவில் விலை உயர்ந்தவை எல்லாம் இந்த நகல்கள்தான். பல பிஸ்கட்டுகளில் மால்ட்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கிறது. அட்டையில் அதைக் கழித்துவிட்டு 'நிகர மாவுச்சத்து 2 கிராம்' என்று போட்டிருப்பார்கள். ஆனால் மால்ட்டிடால் சர்க்கரையை ஏற்றும், வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைவாக, அவ்வளவுதான். வயிற்றையும் உப்ப வைக்கும். கீட்டோன் பானங்கள், எம்சிடி எண்ணெய் என்ற சீக்கிரம் செரிக்கும் கொழுப்பு, சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள், இவை எதுவும் உங்களுக்கு வேண்டாம். பட்டைக்குச் செலவழிக்கும் பணத்தைக் குளுக்கோமீட்டர் பட்டைக்குச் செலவழியுங்கள். உங்களுக்குப் பயன்படும் எண் அதில்தான் வரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், வருகிற எல்லோருக்கும் அச்சடித்த ஒரே தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சால்மன் மீன், அவகாடோ, பாதாம், ஆலிவ் எண்ணெய். தினக்கூலிக்குப் போகும் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து என் மேஜையிலேயே வைத்தார். 'இதில் இருக்கும் எதையும் நான் வாங்கியதே இல்லை. வாங்கக்கூடியதைச் சொல்லுங்கள்' என்றார். அன்றோடு அந்தத் தாளை நிறுத்தினேன். இப்போதெல்லாம் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்ததும் வாரத்துக்கு உணவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

எனவே கடைக்குப் போகும்போது ஒரு கணக்கு மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் விலையை, அதில் எத்தனை கிராம் புரதம் இருக்கிறது என்பதால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகம் சரியாக இருந்தால் அதில் பயமில்லை. சர்க்கரை நோய் இருப்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட்டு இந்த அளவை உறுதி செய்யுங்கள். புரதத்தைக் குறைத்தால் எடையோடு தசையும் போய்விடும், அதனால் மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இதுதான்.

இந்தக் கணக்கைப் போட்டால் பெரும்பாலும் முட்டைதான் முன்னால் வந்து நிற்கும். பெரிய முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு, ஒரு கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. அடுத்தது கோழி. எலும்பும் தோலும் நீக்கிய நெஞ்சுக்கறிக்குத்தான் கடையில் விலை அதிகம். உங்களுக்கோ தோலோடு இருக்கும் தொடையும் காலும்தான் பொருத்தம், அதில் சுவையும் அதிகம். முழுக் கோழியாக வாங்கி வீட்டில் வெட்டினால் இன்னும் மிச்சம். எலும்பு சூப்புக்கு ஆகும். தோலை வாணலியில் வதக்கினால் இறங்கும் கொழுப்பு இரண்டு நாள் காய்கறி வதக்க ஆகும். கல்லீரல் பல இடங்களில் மிக மலிவு. இரும்பு, பி12, ஃபோலேட் எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம், 100 கிராமிலேயே ஒரு நாளின் மேல் வரம்பைத் தாண்டிவிடும். வாரத்தில் ஒரு நாள் 100 கிராம் போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே வேண்டாம், யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும் தள்ளி நிற்கட்டும்.

மீனில் பெரிய மீன்களைத் தேடிப் போகாதீர்கள். மத்தி போன்ற சிறிய மீனில் ஒமேகா 3 தாராளமாக இருக்கிறது, பாதரசம் குறைவு, விலையும் குறைவு. டின்னில் அடைத்த மத்தியும் நல்லதுதான், முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். சாஸில் ஊறியதை மட்டும் பார்த்து வாங்குங்கள், சில சாஸ்களில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள்.

பாதாமின் இடத்தில் வேர்க்கடலையை வையுங்கள். 100 கிராமில் 26 கிராம் புரதம், 16 கிராம் மாவுச்சத்து, அதில் பாதிக்கும் மேல் நார்ச்சத்து. பாதாமிலும் புரதம் சுமார் 21 கிராம்தான். முந்திரிக்குப் போகாதீர்கள், அதில் மாவுச்சத்து 30 கிராம். வேர்க்கடலையில் ஒரே ஆபத்து அளவு. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் 100 கிராம் போவதே தெரியாது, அது 560 கலோரிக்கும் மேல். 30 கிராமை அளந்து எடுத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சமையல் எண்ணெயே போதும். ஒரு மேஜைக்கரண்டியில் 14 கிராம் கொழுப்பு, 120 கலோரி. வெண்ணெயையும் நெய்யையும் முதன்மைக் கொழுப்பாக்கினால் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் நன்றாகவே ஏறிவிடுகிறது. சர்க்கரை நோயும் பிரஷரும் இருக்கும் உங்களுக்கு அது கூடாது. திரவமாக இருக்கும் தாவர எண்ணெய் மலிவும் கூட, இதயத்துக்கும் பாதுகாப்பு. இரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்று இப்போதும், மூன்று மாதம் கழித்து ஒன்றும் செய்துகொள்ளுங்கள்.

காய்கறியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பணம் இறுகும்போது கீட்டோக்காரர்கள் முதலில் விடுவது காய்கறியைத்தான். முட்டையும் கறியும் மட்டும் சாப்பிட்டு, ஒரு மாதத்தில் மலச்சிக்கலோடு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் வேண்டுகோள், முட்டைக்கோஸை உங்கள் புதிய சோறாக்கிக்கொள்ளுங்கள். 100 கிராமில் சுமார் 6 கிராம் மாவுச்சத்து, அதில் 2.5 கிராம் நார்ச்சத்து. பச்சையாக இருக்கும்போது வைட்டமின் சி 36 மில்லிகிராம் வரை. வாரக்கணக்கில் கெடாது, ஒரு பெரிய கோஸ் ஒருவருக்கு மூன்று நான்கு நாள் வரும். மெல்லியதாக நறுக்கி எண்ணெயில் வதக்கி அதன்மேல் எந்தக் குழம்பை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். காலிஃபிளவரும் அப்படித்தான். அதன் தண்டையும் இலையையும் தூக்கி எறியாதீர்கள், பூவுக்குக் கொடுத்த விலையில்தான் அவையும் வந்திருக்கின்றன. கீரை எதுவானாலும் நல்லது. வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி, கத்தரிக்காய், பீன்ஸ் எல்லாம் அளவோடு சரி. உறைய வைத்த காய்கறி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், சத்தில் பெரிய குறை கிடையாது. வெங்காயத்தில் 100 கிராமுக்கு 9 கிராம், காரட்டில் 10 கிராம் மாவுச்சத்து உண்டு, ஆகவே அவை வாசனைக்கும் நிறத்துக்கும் போதும். உருளைக்கிழங்கும் பட்டாணியும் இந்தக் கணக்கில் அடங்காது.

இவற்றை வைத்து ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். மூன்று முட்டை, வேகவைத்த கோழி 150 கிராம், முட்டைக்கோஸ் 300 கிராம், கீரை 150 கிராம், வெங்காயம் 50 கிராம், வேர்க்கடலை 30 கிராம், தயிர் 100 கிராம், எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி. புரதம் 75 கிராமை ஒட்டி வரும். மொத்த மாவுச்சத்து 40 கிராமுக்குள், நார்ச்சத்தைக் கழித்தால் 25 கிராம் அளவில் நிற்கும். கலோரி சுமார் 1300. பசித்தால் இன்னும் ஒரு முட்டை, இன்னும் கொஞ்சம் கோஸ். கீட்டோவுக்கான வரம்பு பொதுவாக 20 முதல் 50 கிராம், ஆகவே இது முழுமையான கீட்டோ நாள்தான். இதில் பாதாமும் சீஸும் எங்கும் வரவில்லை.

ஆனால் உங்களுக்கு இந்த அளவுக்குப் போக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. இப்போதைக்காவது வேண்டாம்.

ஒரு நாளைக்கு 100 முதல் 130 கிராம் மாவுச்சத்து வரை இறங்கினாலே, வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறோம். அதற்குக் கீட்டோ என்று பெயரில்லை, குறைந்த மாவுச்சத்து உணவு என்று பெயர். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதற்கு அதிக ஆதாரம் உள்ள வழி மொத்த மாவுச்சத்தைக் குறைப்பது என்று சொன்னது. எல்லோரும் உடம்பு கீட்டோன்களில் ஓடும் கீட்டோசிஸ் நிலைக்குப் போக வேண்டும் என்று அது சொல்லவில்லை. எடையைப் பொறுத்தவரை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் நடத்திய ஆய்வு 2018-ல் வந்தது. சர்க்கரை நோய் இல்லாத 609 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மாவுச்சத்தையும் இன்னொரு குழு கொழுப்பையும் குறைக்கும்படி ஓராண்டு பார்த்தார்கள். முதல் குழு சராசரியாக 6 கிலோவும் இரண்டாவது குழு 5.3 கிலோவும் குறைந்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எந்தக் குழுவாக இருந்தாலும் சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். யார் எதை ஆண்டு முழுவதும் சலிக்காமல் சாப்பிட முடிகிறதோ அதுவே பலன் தருகிறது என்பதை நானும் என் அறையில் தினமும் பார்க்கிறேன்.

100 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய விடுதலை, பருப்பும் பயறும். கீட்டோவில் அவற்றுக்கு இடமே இல்லை, ஏனென்றால் வேகவைத்த 100 கிராம் பயறில் 20 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். ஆனால் அதில் 8 கிராம் வரை நார்ச்சத்து, 9 கிராம் புரதம். சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். புரத விலைக் கணக்கில் பல நாட்களில் முட்டையையும் முந்திவிடும். இறைச்சியும் மீனும் சாப்பிடாதவர்களும் இந்தக் கேள்வியை எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்: முட்டை, டோஃபு என்ற சோயாப் பால்கட்டி, தயிர் இவற்றோடு பயறையும் சேர்த்து 100 கிராமில் நில்லுங்கள். இறைச்சி இல்லாமல் 25 கிராமில் நிற்பது செலவும் அதிகம், சலிப்பும் அதிகம்.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சமையலை இன்றோடு நிறுத்துங்கள். கோழியோ மீனோ முட்டையோ பயறோ, ஒரே குழம்பாக வையுங்கள், ஒரே காய்கறி செய்யுங்கள். பிள்ளைகளும் கணவரும் அதைச் சோற்றோடு சாப்பிடட்டும். நீங்கள் ஒரு சிறிய கிண்ணம் சோறும் மூன்று கிண்ணம் கோஸுமாகச் சாப்பிடுங்கள். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து, ரொட்டி ஒரு துண்டில் 12 முதல் 15 கிராம். இந்த இரண்டு எண்ணும் நினைவில் இருந்தால் 100 கிராமுக்குள் நிற்பது கடினமில்லை. எது உங்கள் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ள, சாப்பிடுவதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் மீட்டரில் பாருங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் உடம்புக்கென்று ஒரு பட்டியல் தானாக உருவாகும். அதற்கு இணையான அட்டவணையை நான் எழுதித் தர முடியாது.

பிள்ளைகளுக்குப் பழத்தைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். பாதாம் மாவையும் பிஸ்கட்டையும் நிறுத்தினாலே அதற்கான பணம் வந்துவிடும். அவர்களையும் உங்களோடு இந்த உணவுமுறைக்கு இழுக்காதீர்கள், வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் கீட்டோ கூடாது. உங்களுக்காகச் செலவழிப்பது குற்றம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான்கு வருடச் சர்க்கரை நோயோடு ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் உடம்பு அது. அதற்கு முட்டையும் மீனும் வாங்குவதும் குடும்பச் செலவுதான்.

இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தாங்களும் தொடங்கலாம் என்று நினைக்கும் மற்றவர்களுக்கு: முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கணையத்தில் அழற்சி வந்தவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டவர்கள், உணவைப் பற்றிய மனநலச் சிக்கலிலிருந்து மீண்டவர்கள், யாரும் மருத்துவரின் சொல் இல்லாமல் கீட்டோவில் இறங்க வேண்டாம்.

சகோதரி, டாக்டரைப் பார்த்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த மாத்திரையை மாற்றினார், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, வாரத்துக்கு உணவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும், இந்த நான்கும் தேவை. உங்கள் உயரத்தையும் எழுதுங்கள், கடிதத்தில் அது இல்லை. அவை கையில் வந்ததும் உங்களுக்கான அளவுகளை வாரக் கணக்காகவே போட்டு அனுப்புகிறேன். அதுவரை தினமும் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையிலும் ஒரு சிறிய கிண்ணம் சோறாவது இருக்கட்டும்.